சுற்றறிக்கை, நான்காம் வரைவு

'பணியாளர்கள் வெளியில் எழுதுவது குறித்து'
என்று தலைப்பு வைத்தேன்.
அதோடு சாப்பாட்டுச் சங்கு ஊதிவிட்டது.

காரைக்குடி, தொழிற்பேட்டை, ஏழாம் எண் ஷெட்.
கைமுறுக்கு, சீப்புச் சீடை, தேன்குழல், மகிழம்பூ.
நூற்றுப் பத்துப் பேர்.
நான் பணியாளர் அலுவலர்:
வருகைப் பதிவு, பி.எஃப்., சண்டை,
இப்போது இதுவும்.

சகாயராணி தரப் பிரிவு.
தேவகோட்டை ரஸ்தாவில் ஆறரை பஸ் ஏறுவாள்.
ராத்திரி வீட்டுக்குப் போய்
அன்றைய வேலையை நாலு வரி போனில் எழுதுவாள்,
யாரும் படிக்கலாம் என்று திறந்துவைத்து.
"இன்று மாவு கொஞ்சம் அடம். அரிசி புதுசு.
மூன்று ஈடு தள்ளினோம். நான்காவது பேசியது."
முறுக்கு பேசும் என்று
எனக்கு அதுவரை தெரியாது.
ஒடிக்கையில் வரும் சத்தத்தைச் சொல்கிறாளாம்.

கிள்ளானில் ஒருவர் படித்தார்,
ஈப்போவில் அவர் மைத்துனி.
தீபாவளிக்கு நாற்பது பெட்டி கூடுதல்.
"அந்தப் பெண் பார்த்த ஈடாக அனுப்பவும்."
முதலாளி வெள்ளையப்பன் அதை அச்செடுத்துப்
பெட்டியடிக்கு மேலே ஒட்டினார்.
விளம்பரத்துக்கு நான் செலவழித்த ரெண்டு லட்சத்தை
எல்லோர் முன்னாலும் ஞாபகப்படுத்தினார்.

பண்டிகைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில்
அவளே எழுதினாள்:
"எண்ணெய் நான்காம் நாள். காப்பி நிறம்.
மாற்றச் சொன்னேன். திங்கள் என்றார்கள்.
மரகதம் அக்கா மணிக்கட்டில் தெறித்தது.
மருந்துப் பெட்டியைத் திறந்தோம். பஞ்சுகூட இல்லை."

நாற்பதில் முப்பத்தொன்று ரத்து.
முதலாளி அச்சுத்தாளைக் கிழிக்கவில்லை.
திருப்பி ஒட்டினார், வெள்ளைப் பக்கம் தெரிய.
"விதி போடுங்க. எங்க ஐயா காலத்துல
பேரேட்டைப் பூட்டிட்டுத்தான் படுப்பாக."

மரகதமும் வந்தாள், கட்டோடு.
"எம் பேரை எதுக்குப் போட்டா?
சம்பந்தி வீட்டுல படிச்சிட்டாக.
இந்த வேலைக்கா போறீகன்னு கேக்குறாக."

முதல் வரைவு: யாரும் எதுவும் எழுதக் கூடாது.
பார்க்கச் சுத்தமாக இருந்தது,
கடை அடைத்த தெரு மாதிரி.

இரண்டு: நல்லதை மட்டும் எழுதலாம்.
அப்படி நானே எழுதித்தான் ரெண்டு லட்சம் போனது.

மூன்று: அலுவலரிடம் காட்டிவிட்டு எழுதலாம்.
அலுவலர் என்றால் நான்.
அந்த நாலு வரியும் என் மேசைக்கு வந்திருந்தால்
எதை அடித்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்.
எண்ணெயை விட்டிருப்பேன்.
மருந்துப் பெட்டியை அடித்திருப்பேன்.
பஞ்சு வாங்கிவைப்பது என் பொறுப்பு.

நான்கில் இதுவரை நிற்பவை:
சேர்மான அளவு சொல்லக் கூடாது.
அடுத்தவர் பெயர், சம்பளம், காயம்
அவரைக் கேட்காமல் கூடாது.
எழுதுவது நான், கம்பெனி அல்ல
என்று ஒரு வரி வேண்டும்.
குறையிருந்தால் முதலில் எங்களிடம் சொல்ல வேண்டும்.

சொல்லியிருக்கிறாளே.
திங்கள் என்றவர்கள் யார்?

'சொல்லி ஒரு நாளில் நடக்காவிட்டால்' என்று சேர்த்தேன்.
அதற்குப் பிறகு வர வேண்டியதை
இன்னும் எழுதவில்லை.

படித்துப் பார்க்க அவளைக் கூப்பிட்டேன்.
நின்றபடியே படித்தாள்,
தலைவலையில் மாவு,
பாதி வாக்கியத்தில் விரல் நின்றது.
"சார், இந்தச் சுற்றறிக்கையைப் பத்தி எழுதலாமா?"

நான்காம் வரைவில் அதற்கு விதி இல்லை.

பின்வாசலில் லாரி பின்னால் வரும் பீப் சத்தம்.
புது எண்ணெய், அறுபது டின்.
சனிக்கிழமையே வந்துவிட்டது.
கிள்ளான்காரர் ஒரு வரி அனுப்பியிருக்கிறார்:
"மாற்றியிருந்தால் அந்தப் பெண்ணே சொல்லட்டும்."
முதலாளி இதை ஒட்டச் சொல்லவில்லை.
என் மேசைப் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார்,
"இன்னைக்கி எழுதுமா அந்தப் புள்ள?"

தெரியாது என்றேன்.
வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு
கல்லுக்கட்டிக்குக் கிளம்பினேன்,
பஞ்சு, பர்னால், பெரிய கட்டுத்துணி ரெண்டு.